மலிவு மடிக்கணினி வாங்கலாமா?

பிள்ளைக்கு மடிக்கணினி வேண்டும். கையில் இருப்பதோ சிறு தொகை. கடைக்காரர் 'குரோம்புக்' ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். வாங்கலாமா?

2011 ஜூன் மாதம் விற்பனைக்கு வந்த சாதனம் இது. விண்டோஸ் இதில் கிடையாது. கூகுளின் குரோம் உலாவிதான் இதற்கு உயிர். பெரும்பாலான வேலை இணையத்தின் வழியே, தூரத்துக் கணினிகளில் நடந்து விடுகிறது. ஆகவே சாதாரண உறுப்புகளே போதும். விலை குறைந்த ரகசியம் அதுதான்! 2023 அக்டோபர் முதல் சென்னைக்கு அருகிலேயே எச்.பி. கம்பெனிக்காக இது தயாராகத் தொடங்கியது.

பள்ளிப் பாடம், கடிதம், வீடியோ வகுப்பு ஆகியவற்றுக்கு இது தாராளமாய்ப் போதும். வைரஸ் தொல்லையும் குறைவு. ஆனால், டாலியில் கணக்கு எழுதுகிறவருக்கு உதவாது. விண்டோசுக்கென்றே செய்த மென்பொருள் தேவைப்படும் பொறியியல் மாணவருக்கும் உதவாது. இணையம் நின்று போனால், முன்பே சேமித்து வைத்ததைக் கொண்டுதான் காலம் தள்ள வேண்டும்.

இன்னொன்று முக்கியம். இதற்கு ஆயுள் கெடு உண்டு. 2021 முதல் வெளியான ரகங்களுக்கு 10 ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாகக் கூகுள் 2023-ல் அறிவித்தது. அந்த 10 ஆண்டு, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. அந்த ரகம் முதன்முதல் வெளிவந்த நாளிலிருந்து! தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்குக்குப் பாதி ஆயுள் கடையிலேயே கழிந்திருக்கலாம்.

பள்ளிப் பிள்ளைக்கு வாங்கலாம், தவறில்லை. ஆனால், மருந்துப் புட்டியில் பார்ப்பது போல, முதலில் கெடு தேதியைப் பாருங்கள். பணத்தைப் பிறகு எடுங்கள்!