பின்னத்தின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள்

"பி.இ. விகிதம் பத்தாண்டுச் சராசரிக்குக் கீழே வந்துவிட்டது. எனவே பங்கு மலிவு." நம் துறையின் ஆய்வறிக்கைகளில் இந்த வாதம் சலிக்காமல் வந்துகொண்டிருக்கிறது. பி.இ. ஒரு பின்னம்: மேலே விலை, கீழே ஒரு பங்குக்கான லாபம். இரண்டில் எது நகர்ந்தது என்று சொல்லாத அறிக்கை முதலீட்டாளருக்குப் பயன்படாது.

டாடா ஸ்டீலை எடுத்துக்கொள்வோம். எஃகு விலை உச்சத்தில் இருந்த 2021-22 நிதியாண்டில் அதன் ஒருங்கிணைந்த நிகர லாபம் ஏறத்தாழ 41,700 கோடி ரூபாய். மார்ச் இறுதி விலையில் பி.இ. 4-ஐ ஒட்டி நின்றது. அடுத்த ஆண்டே லாபம் சுமார் 8,000 கோடியாகச் சரிந்தது, 2023-24இல் நஷ்டம். சுழற்சித் தொழில்களில் பி.இ. மிகக் குறைவாகத் தெரிவது பெரும்பாலும் லாபம் உச்சியைத் தொட்ட நேரத்தில்தான். அந்த 4, மலிவுக்கு அடையாளம் அல்ல. அந்த லாபம் நீடிக்காது என்று சந்தை கருதியதன் அடையாளம்.

மைக்ரோசாஃப்ட் இதற்கு நேர்மாறு. 1999 இறுதியில் அதன் பி.இ. 70-ஐத் தாண்டியிருந்தது, 2011 நடுவில் 10-க்கும் கீழே. இடைப்பட்ட காலத்தில் ஒரு பங்குக்கான லாபம் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆனாலும் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. 1999இன் உச்ச விலையை அந்தப் பங்கு மீண்டும் எட்டியது 2016இல்தான். வளர்ச்சி குறித்த கணிப்பு தவறவில்லை. அந்த வளர்ச்சிக்காக முன்கூட்டியே கொடுத்த விலைதான் அதிகம். 70-ஐயும் 10-ஐயும் கூட்டிச் சராசரி எடுத்தால் இதில் எதுவும் தெரியாது.

கணக்கிடும் முறை மாறினாலும் வரலாறு முறிந்துவிடும். 2021 மார்ச் இறுதியில் நிஃப்டி 50-இன் பி.இ. 40-இலிருந்து ஒரே நாளில் 33 அளவுக்கு இறங்கியது. சந்தைச் சரிவு அதற்குக் காரணம் அல்ல. தனிநிலை லாபத்துக்குப் பதில் ஒருங்கிணைந்த லாபத்தைத் தேசியப் பங்குச் சந்தை கணக்கில் எடுத்தது, அவ்வளவுதான். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் வரைவது பிழை.

ஒரே ஆண்டின் லாபத்தை நம்பாமல் ஐந்து, ஏழு, பத்து ஆண்டுச் சராசரியைப் பார்க்கும்படி பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும் 1934இலேயே எழுதினார்கள். சுழற்சித் தொழில்களுக்கு அந்த அறிவுரை இன்றும் பொருந்தும்.

ஆய்வாளர்களிடமும் ஆலோசகர்களிடமும் நாம் கேட்பது இதுதான்: பி.இ. வரைபடம் போடும் ஒவ்வொரு முறையும் விலையையும் ஒரு பங்குக்கான லாபத்தையும் அதன் அருகிலேயே தனித்தனிக் கோடுகளாகக் காட்டுங்கள். சொத்து விற்பனை போன்ற ஒருமுறை வருமானத்தை நீக்கிக் கணக்கிடுங்கள். தனிநிலைக் கணக்கா, ஒருங்கிணைந்ததா என்று குறிப்பிடுங்கள். அதன் பிறகு மலிவு என்று எழுதுங்கள்.