விற்ற பொருளும் ஆடி முடித்த விளையாட்டும்

சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம்மை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் ஒரு தாயார். அவருடைய கணவர் சிறியதொரு ஆயத்த ஆடைக் கடை நடத்துகிறார். 16 வயது மகன் தன் சேமிப்புப் பணத்தில் கணினி விளையாட்டு ஒன்றை இணையவழியாக வாங்கினான். ஒன்றரை மணி நேரத்தில் அதை முழுவதும் ஆடி முடித்தான். முடித்த கையோடு, "பிடிக்கவில்லை" என்று காரணம் எழுதிப் பணத்தைத் திரும்பக் கேட்டான். சில நாட்களில் முழுத் தொகையும் வந்து சேர்ந்தது. தந்தை மகனுடைய சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டார். தாயாருக்கோ மனம் உறுத்துகிறது. "விதியில் இடம் இருக்கிறது, கேட்டேன், கொடுத்தார்கள். சட்டை பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுப்பதில்லையா?" என்கிறான் மகன். அவனுக்கு என்ன விடை சொல்வது என்று அத்தாயார் கேட்கிறார்.

அவன் கேள்வியைத் தள்ளிவிட வேண்டாம். சட்டையிலிருந்தே தொடங்குவோம். பிடிக்காத சட்டையை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தால், கடைக்காரர் அதை மீண்டும் அலமாரியில் வைத்து வேறொருவருக்கு விற்றுவிடுவார். அவருக்குப் பெரும் இழப்பில்லை. ஆனால் அதே சட்டையைத் திருமணத்திற்கு உடுத்திச் சென்று, மறுநாள் "பிடிக்கவில்லை" என்று கொண்டுவந்து நீட்டினால் என்ன சொல்வார்? இந்த வினாவை அத்தாயார் தம் கணவரிடமே கேட்டுப் பார்க்கலாம்.

விளையாட்டில் திரும்பி வரும் பொருள் ஒன்றுமில்லை; விற்றவரின் கையிருப்பும் குறைவதில்லை. ஆகவே யாருக்கும் நட்டமில்லை என்று இளைஞர்கள் எண்ணுகின்றனர். ஆனால் அங்கே விற்கப்பட்டது ஆடி மகிழும் இன்பம் அல்லவா? அதை முழுவதும் நுகர்ந்தபின் பணத்தைத் திரும்பக் கேட்பது, வயிறார உண்டு இலையை மடித்தபின் சாப்பாட்டுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் இவ்விதி ஏன் வந்தது? கணினி விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' என்னும் இணைய அங்காடி 2015 ஜூன் மாதம் முதல் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறது. வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவாயினும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நம் கணினியில் அவ்விளையாட்டு ஓடாமல் போகலாம், தவறுதலாக வாங்கியிருக்கலாம், விளம்பரத்தில் கண்டதற்கும் உள்ளே இருப்பதற்கும் பொருத்தமில்லாதிருக்கலாம். வட்டாக வாங்கிய விளையாட்டைப் பிறருக்கு விற்றுவிடலாம். இணையத்தில் வாங்கியதை அவ்வாறு கைமாற்ற இயலாது. எனவே வாங்குவோருக்கு இத்தகைய பாதுகாப்பு தேவையே. ஆனால் இலவசமாக ஆடுவதற்காக ஏற்பட்ட வழியன்று இது என்றும், அவ்வாறு பயன்படுத்துவோருக்கு இச்சலுகை நிறுத்தப்படலாம் என்றும் அவ்விதியிலேயே கூறப்பட்டுள்ளது.

இதன் மறுபக்கத்தை 2021 ஆகஸ்டில் கண்டோம். 'சம்மர் ஆஃப் 58' என்னும் சிறிய விளையாட்டை உருவாக்கியவர், காலவரையின்றித் தம் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அவ்விளையாட்டு 2 மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். நன்றாயிருக்கிறது என்று பாராட்டியவர்களுள்ளும் பலர், ஆடி முடித்தபின் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். யாருக்கும் நட்டமில்லை என்பதற்கு இதுவே மறுமொழி.

இதனால் பணத்தைத் திரும்பக் கேட்பதே இழிவு என்று எவரும் கொள்ளலாகாது. விற்பவர் பக்கத்திலும் பிழைகள் உண்டு. ஸ்டீம் அங்காடியை நடத்தும் வால்வ் நிறுவனம், வாங்கியவர்களுக்குச் சட்டப்படி உள்ள உரிமை இல்லை என்பதுபோல் கூறிவந்ததற்காக, ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2016-இல் அதற்கு 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' எண்ணற்ற குறைகளுடன் வெளிவந்தபோது, சோனி நிறுவனம் அதைத் தன் இணைய அங்காடியிலிருந்தே நீக்கி, அங்கு வாங்கியவர்களுக்கு முழுப் பணத்தையும் தர முன்வந்தது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டில் சிறுவரும் பிறரும் விரும்பாமலே பொருள் வாங்க நேர்ந்ததற்காக, 24 கோடியே 50 லட்சம் டாலரைத் திருப்பித் தர எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்காவில் இசைந்தது. இத்தகைய நிலையில் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். கேட்பது நம் உரிமை.

அத்தாயாரின் கணவருக்கும் ஒரு சொல் உண்டு. அவருடைய கடை ரசீதின் அடியில் "விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருப்பதாகத் தாயார் எழுதியுள்ளார். பழுதான பொருளுக்கு அவ்வாசகம் செல்லாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், ரசீதில் குறித்த காலத்திற்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள்ளோ பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் முறையற்ற வணிகமாகும். தம் கடையில் ஒருவரையும் திருப்பிக் கொடுக்க விடாத தந்தை, பிறர் கடையில் மகன் செய்ததை மெச்சுவது பொருந்துமா? பிள்ளைகள் நம் அறிவுரையைக் காட்டிலும் நம் அளவுகோலையே கூர்ந்து கவனிக்கின்றனர். வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று என இரு படிகள் வீட்டில் இருந்தால், அவர்கள் தமக்கு வசதியானதையே எடுத்துக்கொள்வர்.

குடும்பங்கள் சில வழக்கங்களை மேற்கொள்வது நன்று. வாங்கு முன் அவ்விளையாட்டு நம் கணினிக்கு ஏற்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறுதலாக வாங்கியிருந்தால், ஆடிப் பார்க்காமல் உடனே தெரிவியுங்கள். பழுது இருந்தால் அது இன்னது என்று உள்ளபடி எழுதுங்கள். பிடித்ததா இல்லையா என்பது பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கேட்பதானால் அப்பொழுதே கேட்டுவிடுங்கள். இறுதிவரை மகிழ்ந்து ஆடிவிட்டு, "பிடிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். பணம் சிறிதாயினும், அங்கே ஒரு பொய் எழுதப்படுகிறது.

அன்புள்ள தாயாரே! உங்கள் உறுத்தல் நியாயமானது. மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம். விதியை மீறியவனல்லன் அவன். "அந்த விளையாட்டு உண்மையிலேயே உனக்குப் பிடிக்கவில்லையா?" என்று மட்டும் கேளுங்கள். பிடித்திருந்தது என்று அவன் ஒப்புக்கொண்டால், அதே பணத்தைக் கொடுத்து அதே விளையாட்டை மீண்டும் வாங்கச் சொல்லுங்கள். அன்று மாலையே உங்கள் கணவர் கடை ரசீதின் அடியில் உள்ள வரியைத் திருத்தி எழுதினால், தந்தையும் மகனும் ஒருங்கே கணக்கைச் சரிசெய்தவர்களாவர்.