கடல் பார்க்கக் கடன் எதுக்கு?

பர்சனல் லோன் வீடியோவுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "ஆபீஸ்ல எல்லாரும் பாலி, பூக்கெட்னு போறாங்க. 1 லட்சம் லோன் போட்டுப் போயிட்டு வந்து அடைச்சுக்கலாமா?"

முதல்ல கணக்கு. 1 லட்சம் ரூபாய், 16% வட்டி, 12 மாசம்னா இஎம்ஐ சுமார் 9,073. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 8,900. ப்ராசஸிங் ஃபீ 2%, அதுக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தா இன்னும் 2,360. ஆக 11,200 ரூபாய்க்கு மேல எக்ஸ்ட்ரா.

"அவ்வளவுதானா?"ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. சி.ஏ. முடிச்சு வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், லோன் எடுத்துத் தாய்லாந்து போனேன். அஞ்சு நாள் ட்ரிப், 12 மாச இஎம்ஐ. அஞ்சாவது மாசம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். என் அக்கவுன்ட்ல ஒண்ணுமே இல்ல. அப்பா தன் சீட்டுப் பணத்தை எடுத்து அவரே கட்டினாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. வட்டியை விட அதுதான் வலிச்சது.

அப்பா நாமக்கல்ல 30 வருஷம் லாரி ஓட்டினவர். தூத்துக்குடி துறைமுகத்துக்கு எத்தனையோ லோடு போயிருக்காரு. ஆனா கடல்ல கால் நனைச்சதே இல்ல. "ரிட்டர்ன் லோடு புடிக்கணும், எங்க கண்ணு நேரம்?"னு சொல்வாரு.

அடுத்த வருஷம் மாசம் 1,500 ரூபாய்னு ஒரு ஆர்.டி. போட்டேன். முடிஞ்சதும் அப்பா, அம்மாவைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். 1620ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டை, பக்கத்துலயே கடலை ஒட்டி மாசிலாமணி நாதர் கோயில், கரையில மீனவர் படகுங்க. 1845ல இந்த ஊரை ஆங்கிலேயருக்கு வித்துட்டாங்க. ஆனா தெருவுல இன்னும் அந்தக் காலத்து வீடுங்க இருக்கு. அப்படியே பூம்புகாருக்கும் போனோம். நம்ம மோகனூர், பரமத்தி வேலூரைத் தாண்டி ஓடுற காவிரி கடல்ல சேர்ற இடம் அது. அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அலையில ரொம்ப நேரம் நின்னாரு. திரும்பி வந்தப்போ நான் யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி இல்ல.

வரி விஷயம் ஒண்ணு. உங்க சம்பளத்துல எல்டிஏ இருந்து, பழைய வரி முறையில இருந்தா, இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு வரி விலக்கு உண்டு. 4 வருஷ பிளாக்ல 2 தடவை. உங்களைச் சார்ந்து இருக்கற அப்பா, அம்மா டிக்கெட்டும் சேரும். ஆனா டிக்கெட் செலவுக்கு மட்டும்தான். ரூம், சாப்பாட்டுக்குக் கிடையாது. வெளிநாட்டுப் பயணத்துக்கும் கிடையாது. புது வரி முறையில இந்த விலக்கே இல்ல. இதுக்காக மட்டும் பழைய முறைக்கு மாறாதீங்க, ரெண்டையும் போட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்க.

"வயசு இருக்கும்போதே ஊர் சுத்தணும்"னு சொல்றீங்களா? நானும் அதைத்தான் சொல்றேன். பாலிக்கும் போங்க. ஆனா மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி தனியா இருக்கணும். ட்ரிப்புக்கான காசு கிளம்புறதுக்கு முன்னாடியே சேர்ந்திருக்கணும். அது வரைக்கும் பக்கத்துல இருக்கற கடலைப் பாருங்க. உங்க வயசு மட்டும் ஓடல, அப்பா அம்மாவுக்கும் வயசாகுது.

உங்க வீட்டுல இன்னும் கடல் பார்க்காதவங்க யாரு? இந்த மாசமே அவங்க பேர்ல ஒரு ஆர்.டி. ஆரம்பிங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!