பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?



ஜி.எஸ்.டி. கணக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமம், தராசு முத்திரை, கடை வாடகை என்று நம் தொழில் சங்கதிகளையே பேசும் இந்த இதழில் ஒரு குடும்ப விஷயத்தை எழுத அனுமதி கேட்கிறேன். குடும்ப விஷயம்தான் என்றாலும், அது என் கடை அலமாரியில் இருந்த சரக்கிலிருந்து தொடங்கியது. ஆகவே இது தொழில் விஷயமும் ஆகும். சம்பந்தப்பட்ட பிள்ளையின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

எங்களுடையது மளிகையோடு ஸ்டேஷனரியும் சைக்கிள் சாமான்களும் சேர்ந்த கடை. என் தங்கை மகன் பிளஸ் ஒன் படிப்பதற்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். பள்ளி விட்டதும் கடையில் வந்து உட்காருவான். கணக்கில் கெட்டிக்காரன். 2022 தீபாவளிக்குப் பிறகு இருப்பு எடுத்தபோது பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் டியூப் இரண்டு பெட்டி குறைந்தது. எலி இழுத்திருக்கும், அல்லது சில்லறையில் எழுதாமல் விட்டிருப்போம் என்று தள்ளிவிட்டேன். அவன் சட்டையில் ஒரு நெடி, வாயோரம் சிவந்த தடிப்பு, ஓயாத மூக்கொழுகல், தலைவலி, காரணமில்லாத கோபம் எல்லாம் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் மாடிப்படிக்குக் கீழே பாலிதீன் பையை முகத்தில் பொத்திக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததை என் மனைவி பார்த்தார். அதன் பிறகுதான் உண்மை தெரிந்தது.

இது என்ன பழக்கம்?

சொல்யூஷன், வைட்னர், பெயின்ட் தின்னர், பெட்ரோல் போன்றவற்றின் ஆவியை மூக்கால், வாயால் இழுப்பது. சாராயம் போல் இதற்குத் தனிக் கடை வேண்டாம். நம் கடையே போதும். இவற்றில் பலவற்றில் உள்ள டொலுயீன் போன்ற ரசாயனங்கள் இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். மயக்கம் சீக்கிரம் இறங்கிவிடுவதால் மறுபடி மறுபடி இழுக்கத் தோன்றும். இவை கொழுப்பில் கரைபவை. கொழுப்பு மிகுந்த மூளையையும் நரம்பையும் போய்ப் பற்றுகின்றன. நாளடைவில் ஞாபகம், நடை, கை நிதானம், சிறுநீரகம் எல்லாம் கெடும். இதயத் துடிப்பு தாறுமாறாகி ஒரே தடவையில் உயிர் போவதும் உண்டு. இழுத்துக்கொண்டிருக்கும் பையனை அதட்டி விரட்டினால் அந்தப் பதற்றமும் ஓட்டமும் சேர்ந்தே இதயத்தை நிறுத்திவிடக்கூடும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். நான் அன்று பிரம்பைத் தேடியவன். பிரம்பு கையில் கிடைக்காதது கடவுள் புண்ணியம்.

இது எங்கோ ஒரு வீட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, இந்தப் பழக்கம் பெரியவர்களிடம் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் 1.17 சதவீதம். அந்த ஆய்வில் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்ட போதை இது ஒன்றுதான். சிகிச்சை உதவி தேவைப்படும் பிள்ளைகள் 4.6 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள்.

தூரத்தை ஏன் தேடினேன்?

வீட்டில் எழுந்த முதல் கேள்வி, எங்கே சேர்ப்பது என்பதுதான். எங்கள் ஊரிலிருந்து 22 கிலோமீட்டரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவும் இருக்கிறது. ஆனால் அந்த வரிசையில் நின்றால் நம் பஜார்க்காரர் யாராவது பார்ப்பார்கள். மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். ஊர் வாயை மூட உலை மூடி உண்டா? போதாததற்கு, தூரத்தில் இருப்பதும் பணம் அதிகம் கேட்பதும் தரமானதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம். சரக்கு வாங்கும்போது மூட்டையைக் குத்தி மாதிரி பார்க்காமல் ஒரு மூட்டை மிளகாய் எடுக்காதவன், பிள்ளை விஷயத்தில் ஒரு தொலைபேசி எண்ணை நம்பிப் பணம் கட்டினேன்.

சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி ஒரு தனியார் மையம். ராத்திரியில் வண்டி வந்தது. நாலு பேர் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கிப் போனார்கள். மூன்று மாதம் என்றார்கள். முதல் 45 நாள் பார்க்கவும் கூடாது, பேசவும் கூடாது என்றார்கள். நாற்பது, ஐம்பது வயதுக் குடிகாரர்களோடு ஒரே கூடத்தில் பதினாறு வயதுப் பையன். திரும்பி வந்தபோது சதை போட்டிருந்தான், எங்களுக்குச் சந்தோஷம். பத்தொன்பதாம் நாள் அதே நெடி.

இந்தத் தடவை அடிக்கவில்லை, உட்காரவைத்துக் கேட்டேன். அவன் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "மாமா, அங்கே யாருமே நீ ஏன் இழுத்தேன்னு என்னைக் கேட்கலை."

பக்கத்தில் என்ன கிடைத்தது?

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மாவட்ட மருத்துவமனைக்குப் போனோம். காலை எட்டு மணிக்குச் சீட்டு வாங்கி, பதினொன்றரைக்கு டாக்டரைப் பார்த்தோம். ரத்தம், சிறுநீரகம், நரம்பு எல்லாம் சோதித்தார்கள். டாக்டர் வெளிப்படையாகச் சொன்னார்: இந்தப் பழக்கத்தை அறுக்கவென்று தனி மாத்திரை எதுவும் கிடையாது. நிறுத்தினால் சில நாள் அல்லது சில வாரம் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். அதற்கு மருந்து தரலாம். மற்றதெல்லாம் பேச்சு, பழக்கம், குடும்பம், காலம். பெரும்பாலான பிள்ளைகளை வீட்டிலிருந்தே வந்துபோகச் சொல்லிக் குணப்படுத்தலாம் என்றார்.

மனநல ஆலோசகர் அவனைத் தனியாக வைத்துப் பேசியபோதுதான் "ஏன்" என்பது வெளியே வந்தது. அவன் அப்பா கடனில் கடையை மூடிவிட்டு வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போனவர். அதை அவன் காதுபடவே எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். பேசியவர்களில் முதல் ஆள் நான்தான். அந்தக் குறையை 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்கள் எப்படிக் கண்டிருப்பார்கள்? கண்டிருந்தாலும் என்னை எப்படித் திருத்தியிருப்பார்கள்?

இந்தச் சிகிச்சையிலும் இரண்டு தடவை அவன் வழுக்கினான். ஆனால் அது அடுத்த செவ்வாயே டாக்டருக்குத் தெரிந்தது. எந்த நேரம், எந்த முக்கு, எந்தக் கூட்டாளி என்று கேட்டு, பள்ளி விட்டு வரும் வழியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினோம். இன்று கல்லூரியில் படிக்கிறான். முழுக்கக் கரையேறிவிட்டான் என்று நான் பெருமையடிக்க மாட்டேன். இன்னும் மாதம் ஒரு முறை போய் வருகிறோம்.

பற்றும் வரவும்

வியாபாரிக்குக் கணக்குச் சொல்லாவிட்டால் மனம் ஆறாது. தூரத்து மையத்துக்கு மாதம் 18,000 வீதம் மூன்று மாதம் 54,000. சேர்க்கைக் கட்டணம் 10,000. வண்டி வாடகை 9,000. ஆக 73,000 ரூபாய். பக்கத்து மருத்துவமனைக்கு ஆறு மாதம் வாரா வாரம், 26 தடவை, இரண்டு பேருக்குப் பஸ் கட்டணமும் டீச் செலவும் தடவைக்கு 100 ரூபாய் வீதம் 2,600. மருந்து இலவசம். ஆனால் 26 செவ்வாய்க்கிழமை அரை நாள் கடையைப் பூட்டினேன். அந்த வியாபார நஷ்டத்தையும் எழுதத்தான் வேண்டும். பணம் குறைவு, பொழுது அதிகம் என்பதே உண்மைக் கணக்கு.

அப்படியானால் தூரமே ஆகாது என்கிறேனா? இல்லை. சொல்யூஷனோடு குடியும், வலி மாத்திரையும் சேர்ந்துவிட்டால், திடீரென்று நிறுத்தும்போது வலிப்பு முதலிய ஆபத்து வரலாம். பிள்ளை தன்னை மாய்த்துக்கொள்வதாகச் சொன்னாலோ, இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலோ படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் அந்த வசதி இல்லையென்றால் தூரம் போகத்தான் வேண்டும். தெருவிலேயே கூட்டாளிகள் சூழ்ந்திருந்தால் கொஞ்ச காலம் இடம் மாற்றுவதும் நல்லதே. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனை, பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற இடங்கள் குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுகிறவை. அவற்றையும் நான் பணம் கட்டிய இடத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. என் கருத்து இதுதான்: முதலில் பக்கத்து மனநல டாக்டரிடம் காட்டுங்கள். தூரம் போக வேண்டுமென்றால் அதை அவர் சொல்லட்டும். திரும்பி வந்த மறுவாரம் யாரிடம் காட்டுவது என்பதையும் போகும் முன்பே முடிவு செய்யுங்கள். பிள்ளை திரும்பி வரப்போவது அதே தெருவுக்கு, அதே கடைக்கு.

சட்டம் சொல்வது

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை நான் பணம் கட்டிய பிறகுதான் படித்தேன். போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பும் அதில் அடக்கம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரைச் சேர்ப்பதற்கு முன் இருவர், அதில் ஒருவராவது மனநல டாக்டர், தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். பெரியவர்களோடு தங்கவைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் நியமித்தவரோ சேர்ந்திருக்கும் காலம் முழுவதும் பிள்ளையுடன் தங்க வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. "45 நாள் பார்க்கக் கூடாது" என்று ஒரு மையம் சொன்ன அந்த நிமிஷமே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்த கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகிப்போனதை நம் மாநிலம் மறக்கக் கூடாது. தூரத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத குடும்பங்களுக்கு அது ஒரு பாடம்.

எந்த மையமானாலும் நான்கு கேள்வி கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா? மனநல டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டா? நான் கூடத் தங்கலாமா? நான்கில் ஒன்றுக்கு மழுப்பினாலும் சரக்கு சரியில்லை என்று பொருள்.

நம் சங்கம் செய்யக்கூடியது

2012-ல் மத்திய அரசு பாட்டிலில் அடைத்த வைட்னர், அதன் தின்னர் ஆகியவற்றின் சில்லறை விற்பனையைத் தடை செய்து, பேனா வடிவில் மட்டும் அனுமதித்தது. சைக்கிள் சொல்யூஷனை அந்த உத்தரவு தொடவில்லை. அதை நம் மனசாட்சிதான் தொட வேண்டும். சீருடையில் வரும் பிள்ளைக்கு விற்பதில்லை என்று நாமே ஒரு முடிவெடுக்கலாம். பஞ்சர் கடைக்காரர் பெட்டி கணக்கில் வாங்குவது தொழில். ஒரு பையன் தினம் மூன்று டியூப் வாங்குவது தொழில் அல்ல. டியூபுக்கு ஒன்றிரண்டு ரூபாய் லாபத்தை விட்டுக்கொடுப்பதால் எந்தக் கடையும் மூழ்கிவிடாது. டியூபுகளை முன்பலகையிலிருந்து எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் வையுங்கள்.

அடுத்த பொதுக்குழுவுக்கு மாவட்ட மருத்துவமனையின் மனநல டாக்டரை அழைத்து அரை மணி நேரம் பேசச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். 2025-ல் தமிழக அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது. நமக்கு அருகில் உள்ளது எது என்று விசாரித்துச் சங்க அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். மனநல உதவிக்கு 14416, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களைக் கடைகளில் ஒட்டலாம்.

வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த முதல் செவ்வாய்க்கிழமை நான் பயந்தபடியே நம் பஜார்க்காரர் ஒருவரை அந்த வரிசையில் பார்த்தேன். அவரும் ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். என் மகள் கல்யாணத்துக்குப் பந்தலில் நின்று வரவேற்றவர்களில் அவரும் ஒருவர்.

இருப்பில் சரக்கு குறைந்தால், எடுத்த எடுப்பில் அதை எலியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வீட்டுப் பிள்ளையின் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

– சங்க உறுப்பினர், மளிகை வணிகர்