தண்ணிக்கு எவ்வளவு கழிக்கலாம்?



இதை எழுதும்போது தலைக்கு மேலே தகரத்தில் மழை கொட்டுகிறது. வட்டவளைக்காரர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர் இது. பதுளை ரயிலில் வருகிறவர்கள் கலபொட தாண்டியதும் ஜன்னலை இறக்கிவிடுவார்கள். நாங்கள் துணி காயப்போடுவதையே ஒரு விசுவாசச் செயலாகச் செய்கிறவர்கள்.

மேசையில் ஒரு கடிதம் இருக்கிறது. நம் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பில் புடவைக்கடையில் நிற்கும் தங்கை ஒருவர் எழுதியது. நத்தார் வியாபாரத்துக்கு முன்னால் பழைய விலைச் சீட்டை உரித்துவிட்டுக் கூடிய விலைச் சீட்டை ஒட்டச் சொல்கிறார்களாம். பிறகு அதற்கு மேல் 'இருபது வீதம் கழிவு' என்று சிவப்பு அட்டை தொங்குமாம். ஒட்டுவது அவர் கை. 'வேதத்தில் இருப்பது எனக்குத் தெரியும் ஐயா. கடையில் நிற்கும்போதுதான் எது சரி, எது பிழை என்று தெரியாமல் போகிறது. வளர்ந்தால் தெரிந்துவிடும் என்கிறார்கள். எப்படி வளர்வது?' என்று கேட்டிருக்கிறார்.

கழிவு என்ற சொல்லைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சொல்லுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு.

முப்பது வருடத்துக்கு முன்பு, உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் அளவு புள்ளி வராமல், ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். மடுவத்தில் கொக்கியில் தொங்கும் தராசு, கையில் கொப்பி, வரிசையில் நனைந்த படங்கோடு பெண்கள். முதல் நாளே எனக்கு மூத்தவர் சொல்லிக் கொடுத்தார்: "மழைன்னா தண்ணிக்கு மூணு கழி. வெயில்னா ரெண்டு." வெயிலுக்கு எதற்கு ரெண்டு என்று நான் கேட்கவில்லை. சாக்குக்கு, முத்தல் இலைக்கு, ஸ்டோரில் நிறுவை குறைந்தால் ஏச்சு விழாமல் இருக்க என்று அவர் நான்கு காரணம் வைத்திருந்திருப்பார். ஒரு கிலோ குறைந்தாலும் முழுநாள் சம்பளத்துக்கான முழுப்பேர் அரைப்பேர் ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. என் அம்மாவும் கூடை சுமந்தவர்தான்.

அதே வருடம் நான் ஞாயிறு பாடசாலை ஆசிரியர். எட்டாம் கட்டளையை (கத்தோலிக்க வாசகர்களுக்கு ஏழாவது) படம் வரைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். படத்தில் ஒரு திருடன் சுவரேறிக் குதிப்பான். மடுவத்தில் கொப்பியோடு நிற்கும் ஒருவனை வரையலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வெயில் நாளில் ஒரு அக்கா நிறுவையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, இன்னிக்குத் தண்ணி எங்க இருக்கு?" வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ரெண்டு கழித்து எழுதினேன்.

தங்கையின் கேள்விக்கு எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரக் கடைசி வசனத்தைத்தான் பலரும் எடுத்துக் காட்டுவார்கள். நானும் அதைத்தான் எடுக்கிறேன். பாலுண்ணும் குழந்தைக்கும் பலமான ஆகாரம் உண்ணும் பெரியவருக்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்கிறது. பெரியவர் என்றால் நிறையத் தெரிந்தவர் என்று அங்கே இல்லை. நன்மை தீமையைப் பிரித்தறியப் புலன்களைப் பழக்கியவர் என்றுதான் இருக்கிறது. 'பழக்கிய' என்பதற்கு மூலத்தில் நிற்கும் கிரேக்கச் சொல், உடற்பயிற்சிக் கூடத்தை நாம் 'ஜிம்' என்கிறோமே, அதே வேரில் வந்தது. நம் பழைய தமிழ் வேதாகமம் இந்த இடத்தில் 'பகுத்தறிய' என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. பகுத்தறிவு என்றதும் தமிழ்நாட்டு மேடைப் பேச்சை நினைத்து முகம் சுளிக்கும் அண்ணன்மார் நம் சபைகளில் உண்டு. அவர்கள் ஒருமுறை அந்த வசனத்தைத் திறந்து பார்க்கட்டும்.

இதற்கு நம்மூரில் வியாக்கியானம் தேவையில்லை. புதிதாக மலைக்கு வரும் பிள்ளைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பிள்ளைக்கு மனப்பாடமாகிவிடும். கைக்கு ஆகாது. முதல் வாரம் முத்தல் இலையும் வரும், காம்பும் வரும், விரலும் வெட்டுப்படும். மட்டக்கம்பை வாதுக்கு மேல் வைத்து வைத்துப் பழகி, பக்கத்து நிரை அக்காவிடம் பேச்சு வாங்கி, சில மாதம் கழித்து ஒருநாள் பார்த்தால், கண் எங்கோ இருக்க விரல் தானே நல்ல கொழுந்தை மட்டும் ஒடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கையிடம் சட்டம் என்னவென்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. தொட்டதும் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் இதே உதாரணம்தான் என்னைப் பயமுறுத்தவும் செய்கிறது. கை எதற்கும் பழகும். என் கை ரெண்டு கழிக்கப் பழகியது. முதல் வாரம் உறுத்தியது, இரண்டாம் மாதம் உறுத்தவில்லை. பயிற்சி என்பது நன்மைக்கு மட்டும் கிடைக்கிற வசதி அல்ல.

ஜோன் நியூட்டனை நினைத்துக்கொள்கிறேன். ஆங்கில ஆராதனைகளில் இன்றும் எல்லோரும் பாடும் 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். 1748-ல் நடுக்கடல் புயலில் அவர் ஆண்டவரிடம் திரும்பினார். அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார். மேல்தளத்தில் ஜெபம் நடக்கும், கீழ்த்தளத்தில் சங்கிலியோடு மனிதர்கள் கிடப்பார்கள். 1754-ல் உடல்நலம் கெட்டு அவர் கடலை விட்டாரே தவிர, மனச்சாட்சி குத்தி விடவில்லை. அந்த வியாபாரத்துக்கு எதிராக அவர் புத்தகம் எழுதியது 1788-ல். நாற்பது வருடம்! வேடக்காரர் என்று அவரைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உண்மையாகவே நேசித்த ஒரு விசுவாசிக்கு, தன் காலடியில் இருந்ததைப் பார்க்க அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன். டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே நிற்கும் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878-ல் எழுந்தது. துரைமார் முழங்காலிட்ட ஆலயம். நம் மக்களுக்குச் சுவிசேஷம் சொல்லத் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது 1854-ல், தோட்டத் துரைமார் பணமும் கொடுத்துத்தான். அந்தப் பணம் கொடுத்தவர்களில் பலருடைய பக்தி உண்மையானது என்றே நம்புகிறேன். அதே காலத்தில் தோட்டத் துரை கொடுக்கும் 'துண்டு' இல்லாமல் ஒரு தொழிலாளி இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் எவ்வளவு என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கும், ஆளே கடனோடு கைமாறுவார். 1921-ல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. மிஷன் தொடங்கியதற்கும் அதற்கும் இடையே அறுபத்தேழு வருடம். எத்தனை திருவிருந்து ஆராதனைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் மாரியம்மன் திருவிழாப் பொங்கல் வந்தால் வாங்கலாமா, கூடாதா என்று மூன்று ஜெபக்கூட்டத்தில் விவாதித்த சபை எனக்குத் தெரியும். அற்பமான கேள்வி என்று சொல்ல மாட்டேன். கொரிந்து சபைக்காரரும் பவுலிடம் ஏறக்குறைய இதையே கேட்டார்கள். அவர் கொடுத்த பதிலில் நமக்கு வசதியில்லாத ஒரு விஷயம் உண்டு. அறிவு மட்டும் இருந்தால் ஆள் உப்பிப்போவான், அன்புதான் கட்டியெழுப்பும் என்று தொடங்கி, தட்டில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அவர் நகர்ந்துவிடுகிறார். வாங்குகிற வீடும் உண்டு, கைகூப்பி மறுக்கிற வீடும் உண்டு. மறுக்கும்போது அந்தப் பக்கத்து அக்காவின் முகம் வாடாமல் மறுக்கத் தெரிந்ததா என்பதுதான் என் கவலை. அந்த மூன்று கூட்டத்திலும் தராசைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நீதிமொழிகளில் கள்ளத்தராசு எத்தனை முறை வருகிறது! கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்களை இயேசு கிண்டல் செய்தபோது, தோட்டத்துக் கிறிஸ்தவர்களையும் ஓரக்கண்ணால் பார்த்திருப்பாரோ என்று தோன்றும்.

சரி தங்கையே, எப்படி வளர்வது? என்னைவிடத் தெரிந்த இருவர் செய்ததைச் சொல்கிறேன்.

1521-ல் பம்ப்லோனா சண்டையில் கால் முறிந்து படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார், பொழுது போக இரண்டு வகைக் கனவு கண்டார். ஒன்று வீரனாகப் புகழ் பெறுவது, மற்றது புனிதர்களைப் போல வாழ்வது. காணும்போது இரண்டும் இனித்தன. கண்டு முடித்த பிறகு முதலாவது மனதை வறளவிட்டது, இரண்டாவது நிறைவோடு விட்டது. இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் பகுத்துணர்தல் பற்றிய அவருடைய போதனை முழுவதும் கிளம்பியது. அன்றன்றைய நாளை ஆண்டவர் முன்னிலையில் திரும்பிப் பார்க்க அவர் தான் தொடங்கிய இயேசு சபையாரைப் பழக்கினார். கண்டியில் 1972-ல் சத்தியோதயத்தைத் தொடங்கி, தோட்ட மக்களுக்காகவே உழைத்த போல் காஸ்பர்ஸ் அடிகள் அந்த இயேசு சபையைச் சேர்ந்தவர்.   

மெதடிஸ்த வாசகர்கள் வருந்த வேண்டாம், ஜோன் வெஸ்லியிடம் வருகிறேன். ஆளுக்கு ஆள் தன்னைத் தானே சோதித்தால் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1742-ல் பிரிஸ்டலில் தொடங்கிப் பன்னிரண்டு பேர் அளவில் 'வகுப்பு'களாகக் கூடி, இந்த வாரம் உன் ஆத்துமா எப்படி என்று வகுப்புத் தலைவர் ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் கேட்க வைத்தார். இன்று நம் கூட்டங்களில் சாட்சி சொல்கிறோம், விண்ணப்பம் சொல்கிறோம், வருத்தம் என்றால் எண்ணெய் பூசுகிறோம். யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் மனஸ்தாபம்.

எனக்கு அப்படிக் கேட்கக் கிடைத்தவர் அந்த அக்காதான். அன்று நான் சிரித்துத் தப்பித்துக்கொண்டேன். வேலையை விட்டு, ஊரை விட்டு, கலியாணமாகி, பிள்ளை பெற்று, இந்த இதழுக்கு வந்து, ஊருக்குத் திரும்பி, பிலிப்பியர் முதல் அதிகாரத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஒரு இரவில் அவருடைய கேள்வி மறுபடி கேட்டது. அங்கே பவுல் தெளிவைக் கேட்டு ஜெபிக்கவில்லை. அன்பு பெருக வேண்டும், அறிவோடும் உணர்வோடும் பெருக வேண்டும், அப்போதுதான் எது சிறந்தது என்று தெரியும் என்று ஜெபிக்கிறார். அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவரையாவது நான் நேசித்திருந்தால், ரெண்டு கழிக்கக் கை ஓடியிருக்காது.

போன மாதம் அந்த அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். வேலையிலிருந்து நின்றுவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து, தயாரித்துக்கொண்டு போன வசனத்தை எல்லாம் விட்டுவிட்டு, அம்மா, நான் உங்க கிலோவை வெட்டினேன் என்றேன்.

"தெரியுமே," என்றார். "கழிக்கிற நேரம் மட்டும் நீங்க நிமிந்து பாக்க மாட்டீங்க."

என் மூளைக்கு முப்பது வருடம் எடுத்தது. என் கழுத்துக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தங்கையே, புதிய விலைச் சீட்டை ஒட்டும்போது உங்கள் கண் எங்கே போகிறது என்று மட்டும் இந்த வாரம் பார்த்து எழுதுங்கள். முதலாளியிடம் என்ன பேசுவது என்பதைப் பிறகு சேர்ந்து யோசிப்போம். உங்கள் சம்பளத்தை நம்பி வீட்டில் நான்கு பேர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் கிளம்பும்போது அந்த அம்மா நிறுத்தினார். "எங்கிட்ட சொன்னத எம் பேரன்கிட்ட சொல்லுங்க. இப்ப அவன்தான் நிறுக்கிறான்."

இப்போது கொக்கித் தராசு இல்லை, எண் காட்டும் மின்தராசு. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021-ல் வர்த்தமானி வந்தபோதும், அதற்குப் பிறகு கூடியபோதும், கிலோச் சண்டை மட்டும் ஓயவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து அவனைப் பிடித்துச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அப்ப தண்ணிக்கு எவ்வளவு கழிச்சாச் சரி, ஐயா?"

நான் யாரிடமும் கேட்காத கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரு கூடை ஈரக் கொழுந்தை நிறுப்பது, சாக்கில் பரப்பி மேலீரம் வடியவிட்டு மறுபடி நிறுப்பது, பத்துக் கூடைக்கு இப்படிச் செய்து கொப்பியில் எழுதுவது, பக்கத்தில் கொழுந்தெடுக்கும் இரண்டு பெண்களையும் வைத்துக்கொள்வது. அந்தக் கொப்பியோடு பெரிய துரையைப் பார்க்க அவனோடு நானும் போவது.

செவ்வாய்க்கிழமை தொடங்குகிறோம். ஈரக் கொழுந்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்
வட்டவளை