சாயப்பட்டறைக்காரருக்கு வழி சொல்வது யார்?

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் திருப்பூரில் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. துணிக்குச் சாயம் ஏற்ற வழியில்லாமல் பனியன் கம்பெனிகள் வெளியூர்ப் பட்டறைகளைத் தேடி லாரி ஏற்றின. வேலை இழந்த தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள்.

அந்த உத்தரவைக் குறை சொல்ல முடியாது. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. தண்ணீர் வேண்டும் என்று கேட்கவேண்டிய கடைமடை விவசாயிகளே அணையைத் திறக்காதீர்கள் என்று போராடினார்கள். கிணறுகள் உப்பேறின, மண் கெட்டது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றம் 2006இல் கெடு வைத்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பட்டறைகளிலிருந்து ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று மூன்று மாத அவகாசம் தந்தது. அவகாசம் கடந்தும் ஆற்றில் நிறம் ஓடியதால்தான் 2011இல் பூட்டு விழுந்தது.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. இத்தனை ஆண்டுகளில், நாலு விஞ்ச் சாய இயந்திரம் போட்டு, கூலிக்குச் சாயம் ஏற்றும் ஜாப் ஒர்க் செய்த ஒரு சிறு பட்டறைக்காரரிடம், கழிவை எப்படி நிறுத்துவது என்று எந்த அலுவலகமாவது உட்கார்ந்து பேசியதா?

சிக்கல் சாயத்தைவிட உப்பில்தான் அதிகம். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறவேண்டுமானால் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டவேண்டும். அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராமும் அதற்கு மேலும் ஆகும். 60 கிராம் என்றால் 60,000 மில்லிகிராம். வெளியே விடும் நீரில் கரைந்திருக்கும் உப்புக்குத் தமிழ்நாட்டில் உள்ள வரம்போ லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அலசும் தண்ணீர் எவ்வளவு சேர்ந்தாலும் இந்த இடைவெளி எளிதில் அடையாது. நிறத்தை நீக்கலாம், வாடையைப் போக்கலாம்; கரைந்த உப்பு மட்டும் சாதாரணச் சுத்திகரிப்புக்கு மசியாது. ஆர்.ஓ. வைத்தால் நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வரும். உப்பெல்லாம் திரண்ட கரைசல் இன்னொரு பக்கம் மிஞ்சும். அதைக் காய்ச்சி வற்றவைக்க நீராவி வேண்டும், விறகோ நிலக்கரியோ வேண்டும், பெரும் பணம் வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல இந்த இடத்தில்தான் தடுமாறி நின்றன.

விடை, அந்த உப்புக் கரைசலைத் தெளியவைத்து மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புவது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இதைச் செய்துகாட்டியது. மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் ஒதுக்கியது. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று திருப்பூரின் 18 பொது நிலையங்களும் தண்ணீரையும் உப்பையும் பட்டறைகளுக்கே திருப்பி அனுப்பும் முறையில் இயங்குகின்றன. உலகத்துக்கே எடுத்துக்காட்டு என்று இப்போது பெருமை பேசுகிறோம். பெருமைப்படலாம். ஆனால் அந்தத் தொழில்நுட்ப உதவியும் கடனும் பூட்டு விழுவதற்கு முன்பே வந்திருந்தால் எத்தனை சிறு பட்டறைகள் பிழைத்திருக்கும், நொய்யல் எத்தனை ஆண்டு முன்பே மூச்சு விட்டிருக்கும் என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

உதவி என்றவுடன் கோடிகளை நினைக்க வேண்டியதில்லை. பழைய விஞ்ச் இயந்திரத்தில் 100 கிலோ துணிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் பிடித்தால், லிட்டருக்கு 60 கிராம் கணக்கில் 60 கிலோ உப்பு போகும். சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் அதே துணிக்கு 600 லிட்டர் போதும் என்றால் உப்பு 36 கிலோவாக இறங்குகிறது. தண்ணீர்க் காசு, உப்புக் காசு, சுத்திகரிப்புக் காசு மூன்றும் ஒன்றாகக் குறைகின்றன. பெரிய ஆலையில் இந்தக் கணக்கைப் போட இன்ஜினியர் இருக்கிறார். சிறு பட்டறையில் முதலாளிதான் கணக்கர், அவரேதான் கொள்முதல், அவரேதான் மாஸ்டர் வராத நாளில் மாஸ்டர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தை அவருக்கு விளக்குபவர், பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித்தரும் இடைத்தரகர்.

பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கதை இதைவிட நீளம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக்கியது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. அதே தீர்ப்பு ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பெரியதற்கும் சிறியதற்கும் ஒரே தொகை. 28 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி நீண்ட தீர்ப்பு எழுதவேண்டி வந்தது. தண்டனை மட்டும் ஆற்றைச் சுத்தமாக்கிவிடும் என்றால் இரண்டாவது தீர்ப்புக்கு வேலையே இருந்திருக்காது.

தோலிலும் உப்புதான் முதல் பகை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவி அடுக்குகிறார்கள். அதை அப்படியே ஊறப்போட்டால் உப்பெல்லாம் தண்ணீரில் கரைந்துவிடும். ஊறவைக்கும் முன் தோலை மரச் சட்டத்தில் போட்டு உதறினால் ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு பங்கு உலர்ந்தபடியே உதிர்ந்துவிடும். இதற்கு மின்சாரம்கூட வேண்டாம். சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்குகிறது. குரோமியக் கழிவைக் குறைக்கும் பதனிடும் முறைகள் வரை அங்கே கண்டுபிடித்திருக்கிறார்கள். அடையாற்றில் பிறக்கும் அறிவு வாணியம்பாடியின் சிறு தொழிற்கூடம் வரை தவறாமல் போய்ச்சேர ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும்.

பொது நிலையம் கட்டிக்கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைப்பதும் ஆபத்து. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி இரவில் உடைந்து, அருகே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 10 பேர் இறந்தார்கள். கட்டியதை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்பதும் உதவியின் பகுதிதான்.

உதவி செய்யும் கையும் தண்டிக்கும் கையும் வேறுவேறாக இருக்கவேண்டும். அபராதம் போடும் அதிகாரியிடமே போய், “ஐயா, என் பட்டறையில் இந்தக் குழாய் கசிகிறது, என்ன செய்யலாம்?” என்று எந்த முதலாளி கேட்பார்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1989இல் நச்சுப் பொருள் பயன்பாட்டைக் குறைக்கும் சட்டம் இயற்றியபோது இதை உணர்ந்து செயல்பட்டது. சட்டத்தை அமல்படுத்த ஒரு துறை. தொழிற்கூடத்துக்கே வந்து ஆலோசனை சொல்லத் தனி அலுவலகம். அங்கே பேசியது அமல்படுத்தும் துறைக்குப் போகாது. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் லோவெல் பல்கலைக்கழகத்தில் ஒரு நிறுவனம். நச்சுப் பொருளை அதிகம் பயன்படுத்தும் நிறுவனங்களிடம் வாங்கும் கட்டணத்திலிருந்து இதற்கான பணம். துணியை ‘பெர்க்’ என்ற கரைப்பானில் வெளுத்துவந்த சிறு டிரை கிளீனிங் கடைகள், தண்ணீரில் வெளுக்கும் முறைக்கு மாற லோவெல் நிறுவனம் மானியமும் பயிற்சியும் தந்தது. 1990இல் அமெரிக்கா திருத்திய தூய காற்றுச் சட்டமும் சிறு தொழில்களுக்கு உதவும் திட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்கியது.

இங்கே சட்டம் வேறு திசையில் ஓரடி நகர்ந்திருக்கிறது. 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டமும் 2024இன் நீர்ச் சட்டத் திருத்தமும் பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்தன. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வசூலாகும் அபராதம் ஒரு நிதியில் சேரும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த நிதியின் ஒரு பங்கைச் சிறு தொழில்களுக்கான ஆலோசனை அலுவலகங்களுக்கு ஒதுக்குவது நியாயம். 15 லட்சம் பெரிய ஆலைக்கு ஒரு நாள் செலவாக இருக்கலாம். சிறு பட்டறைக்கு அது முழு முதல்.

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும், சில மாதங்களில் அவை வேறு தெருவில் முளைப்பதும் ஆண்டுதோறும் செய்தியாகிறது. காவிரியில் கழிவு கலப்பதை ஒரு நாளும் பொறுக்கக்கூடாது, இடிப்பது சரியே. இடித்த மறுநாள் அந்த முதலாளிக்குப் போக ஓரிடம் இருக்கிறதா என்பதையும் அரசு பார்க்கவேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு கூடிய இடம், தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிய விதிகள், இயந்திரம் மாற்றக் குறைந்த வட்டிக் கடன் ஆகியவை முன்னாலேயே தயாராக இருந்தால் ஒளிந்து தொழில் செய்யும் தேவை பெருமளவு குறையும். அதற்குப் பிறகும் ஆற்றில் விடுகிறவர் மீது இரக்கம் தேவையில்லை.

கூலிக் கணக்கையும் திருத்தவேண்டும். ஜாப் ஒர்க் பட்டறை கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறது. சுத்திகரிப்புச் செலவு அந்தக் கூலிக்குள்ளேயே அடங்கிவிடுவதால், யார் கழிவைத் திருட்டுத்தனமாக ஓடவிடுகிறாரோ அவரால்தான் குறைந்த விலை சொல்ல முடிகிறது. நேர்மையானவர் ஆர்டரை இழக்கிறார். துணிக்குச் சொந்தக்காரரான ஏற்றுமதியாளரும், அவரிடம் சட்டை வாங்கும் வெளிநாட்டு பிராண்டும் இந்தச் செலவில் பங்கேற்க வேண்டியவர்கள். சாயக் கூலி பில்லில் சுத்திகரிப்புக் கட்டணத்தைத் தனி இனமாக எழுதி, பொது நிலையத்தின் ரசீதோடு இணைத்துக் கொடுக்கும் வழக்கத்தைத் திருப்பூரின் தொழில் சங்கங்கள் கட்டாயமாக்கலாம். அரசாணைக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.