தாமதமான பெற்றோரும் ஓய்வுக்காலக் கணக்கும்

நாற்பது வயதுக்கு மேல் முதல் குழந்தையைப் பெறும் தம்பதியர் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் இன்று அரிதானவர்கள் அல்லர். தாமதமான திருமணம், வீட்டுக் கடன், நீண்ட மருத்துவச் சிகிச்சை எனக் காரணங்கள் பல. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையைப் பெண்ணுக்கு 50 வயது வரையிலும் ஆணுக்கு 55 வயது வரையிலும் அனுமதிக்கிறது. ஆனால், நமது ஓய்வூதிய ஏற்பாடுகள் இருபத்தைந்து வயதில் தந்தையாகிறவரை மனத்தில் கொண்டே அமைந்தவை.

42 வயதில் தந்தையாகும் தனியார் ஆலை ஊழியர் 58-இல் ஓய்வு பெறும்போது குழந்தைக்கு 16 வயது. கல்லூரிக் கட்டணம் தொடங்கும் முன்பே சம்பளம் நின்றுவிடும். கல்விக் கடன் இருக்கிறதே என்பார்கள். பெற்றோர் அதில் இணைக் கடனாளி; வருமானம் நின்றபின் அந்தக் கையொப்பத்தின் மதிப்பு குறைகிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை ஊழியரின் நிலையைப் பார்ப்போம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 2014-இல் வகுத்த சம்பள உச்சவரம்பு ரூ.15,000. அதன்படி 35 ஆண்டுகள் உழைத்தவருக்கும் மாத ஓய்வூதியம் ரூ.7,500தான். சிறு நிறுவனங்களுக்கிடையே வேலை மாறுவோர் ஒவ்வொரு முறையும் சேமநிதியை எடுத்துவிட்டால், ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டுப் பணிக்காலமே கேள்விக்குறியாகும். கணக்கை மாற்றிக்கொள்வதே விவேகம்.

பொருளியல் கற்பித்தவன் என்பதால் ஆலோசனை கேட்போரிடம் நான் சொல்லும் வரிசை இது. முதலில் டேர்ம் இன்சூரன்ஸ். குழந்தை தன் காலில் நிற்கும் வரை, அதாவது தந்தையின் 65 வயது வரையிலாவது அது நீடிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுத்தால், கடன்காரர்கள் அந்தத் தொகையில் கைவைக்க முடியாது. கடன் வாங்கித் தொழில் நடத்துவோருக்கு இது பெரிய அரண்.

அடுத்து, வருமானம் உள்ள காலத்துக்குள் முடியும் சேமிப்பு. மகள் பிறந்தவுடன் செல்வமகள் கணக்கு தொடங்கினால் 15 ஆண்டுகள் செலுத்தினால் போதும்; 42 வயதுத் தந்தையின் தவணை 57-இல் முடிகிறது. மகளுக்கு 18 வயதானதும் உயர்கல்விக்காகப் பாதித் தொகை வரை எடுக்கலாம். மகனுக்குப் பொது வருங்கால வைப்புநிதி உண்டு. மூன்றாவதாக, ஓய்வுக்காலச் சேமிப்பைக் கல்விக்காகக் கரைக்கக் கூடாது. கரைத்தால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அந்தப் பிள்ளை பெற்றோரின் மருந்துச் செலவையும் சுமக்க நேரும்.

தனிமனிதச் சிக்கனம் மட்டும் இதைத் தீர்க்காது. ஊழியர் இறந்தால் அவருடைய பிள்ளைகளுக்கு 25 வயது வரை ஓய்வூதியம் தரும் அதே திட்டம், உயிரோடு ஓய்வு பெற்றவரின் பள்ளிப் பிள்ளையைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. சம்பள உச்சவரம்பு விலைவாசியோடு உயர வேண்டும். ஓய்வு பெற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கு, அவர்கள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், பெற்றோர் கையொப்பமின்றிக் கல்விக் கடன் கிடைக்க வேண்டும். தாமதமாகப் பிறந்தது குழந்தையின் குற்றமன்று. அதற்கான விலையை அக்குழந்தை செலுத்த விடுவது நியாயமும் அன்று.